இணையவழிப் பாடம்: திரை ஓடும்போது மூளை என்ன செய்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு செமஸ்டருக்குரிய பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் இணையவழியாகப் படித்து, அந்த கிரெடிட்டுகளைத் தம் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். 2016-ம் ஆண்டு விதிமுறைகளில் இந்த வரம்பு 20 சதவீதமாக இருந்தது. ஆர்வமுள்ள சிலர் கூடுதலாகப் படித்துவந்த இணையப் பாடம், இப்போது மதிப்பெண் பட்டியலில் இடம்பெறும் பாடமாகிவிட்டது. இதே காலத்தில், தனியார் பயிற்சிச் செயலிகள் பலவும் தங்கள் பாடங்கள் ‘மூளை அறிவியலின் அடிப்படையில் வடிவமைக்கப்பட்டவை’ என்று விளம்பரம் செய்கின்றன. இணைய வகுப்பில் மாணவரை ஈடுபாட்டுடன் இருத்திவைக்க மூளை அறிவியல் உண்மையிலேயே உதவுமா, உதவும் என்றால் எந்த அளவுக்கு என்ற குழப்பம் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஏற்படுவது இயல்பே.

உதவும், ஆனால் விளம்பரங்கள் சொல்லும் வழியில் அன்று. வண்ணத் திரையும் பரிசுப் புள்ளிகளும் மாணவரின் கண்ணைப் பிடித்துவைக்கும். படித்ததைத் தாமே நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டிய கட்டாயம்தான் அவருடைய மூளையை வேலை செய்ய வைக்கும். இந்த வேறுபாட்டுக்கு ஆதாரமான ஆய்வுகளையும், அவற்றின் எல்லைகளையும் பார்ப்போம்.

அடிப்படை: ஒரு செய்தி நினைவில் தங்கும் வழி

காதில் விழுந்த ஒரு விளக்கம் சில மாதங்கள் கழித்தும் நினைவில் இருக்க வேண்டுமானால், அது மூன்று கட்டங்களைத் தாண்டியாக வேண்டும்.

1. கவனம். புலன்களுக்கு வந்துசேரும் செய்திகளில் மிகப் பெரும்பகுதியை மூளை விட்டுவிடுகிறது. எதை உள்ளே விடுவது என்ற தேர்வில் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. வெளியே கவனிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லாதபோது, மூளையில் வேறொரு வலையமைப்பு முனைப்புப் பெறுகிறது என்பதை மார்கஸ் ரெய்க்லும் அவருடைய குழுவினரும் 2001-ல் எடுத்துக்காட்டினார்கள். பழைய நினைவுகளிலும் நாளைய கவலைகளிலும் மனம் உலவுவதோடு அந்த வலையமைப்புக்குத் தொடர்பு இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

2. செயல் நினைவகம். உள்ளே வந்த செய்தியைச் சில நொடிகள் பிடித்து வைத்துக்கொண்டு, அதனோடு வேலை செய்யும் இடம் இது. ஜார்ஜ் மில்லர் 1956-ல் இதன் கொள்ளளவை ஏழு உருப்படிகள் என்று மதிப்பிட்டார். நெல்சன் கோவன் 2001-ல் அதை ஏறத்தாழ நான்காகக் குறைத்தார். எண் எதுவானாலும் இடம் மிகச் சிறியது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

3. நீண்டகால நினைவகம். மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பு, புதிய செய்தியை ஏற்கெனவே தெரிந்தவற்றோடு பிணைக்கிறது. பின்னர், குறிப்பாக உறக்கத்தின்போது, அந்தப் பிணைப்பு வலுப்பெறுகிறது. வலிப்பு நோய்க்காக 1953-ல் இரு பக்க ஹிப்போகாம்பஸ் பகுதிகளும் அகற்றப்பட்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரால், அதன் பின் சந்தித்த எவரையும் எந்தச் செய்தியையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போனது. இந்த உறுப்பின் பங்கை உலகம் தெளிவாக உணர்ந்தது அவரைக் கொண்டுதான்.

இணைய வகுப்பு சறுக்குவது பெரும்பாலும் முதல் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும்தான். முதல் கட்டச் சறுக்கல் எல்லோருக்கும் தெரிகிறது. மாணவர் பாடத்தை முழுமையாகப் பார்த்து முடித்திருப்பார், பார்த்தது புரிந்தும் இருக்கும், ஆயினும் இரண்டு வாரம் கழித்து ஒன்றும் மிஞ்சியிருக்காது என்ற மூன்றாம் கட்டச் சறுக்கல், தேர்வு அறைக்குள் நுழையும்வரை மாணவருக்கே தெரிவதில்லை.

ஆறு நிமிடக் கணக்கும் தங்கமீன் கதையும்

நேரடி வகுப்பில் ஆசிரியரின் பார்வை மாணவர் மேல் விழுகிறது. பெயர் சொல்லிக் கேள்வி வரலாம் என்ற எச்சரிக்கை எப்போதும் உண்டு. பதிவு செய்த காணொலிக்கு அந்தப் பார்வை கிடையாது. போதாக்குறைக்கு, பாடம் ஓடும் அதே கையளவுத் திரையில்தான் வாட்ஸ்அப் செய்தியும் கிரிக்கெட் ஸ்கோரும் வந்து விழுகின்றன. வகுப்பறையைக் கொண்டுபோய்க் கடைத்தெருவின் நடுவே வைத்ததுபோல. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் மூளைக்கு நேரமும் துல்லியமும் நட்டமாகின்றன என்பது சோதனைக்கூடங்களில் பலமுறை உறுதிசெய்யப்பட்டது.

பிலிப் குவோவும் சக ஆய்வாளர்களும் 2014-ல், எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் நான்கு பாடங்களில் பதிவான 69 லட்சம் காணொலிப் பார்வைகளை அலசினார்கள். காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் அதில் செலவிடும் இடைநிலை நேரம் ஆறு நிமிடங்களைத் தாண்டவில்லை. இந்த முடிவை ‘மனித மூளையின் கவன வரம்பு ஆறு நிமிடம்’ என்று திரித்துச் சொல்வோர் பலர். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. எதையும் செய்யச் சொல்லாத பாடக் காணொலியை விட்டு மனிதர்கள் எப்போது விலகுகிறார்கள் என்பதை மட்டுமே அது அளந்தது. மூன்று மணி நேரத் திரைப்படத்தை நகராமல் பார்ப்பவரும் இதே மூளையைக் கொண்டவர்தான். மனிதரின் கவனம் எட்டு நொடியாகச் சுருங்கி, தங்கமீனின் கவனத்தைவிடக் குறைந்துவிட்டது என்று 2015 முதல் உலவும் செய்திக்கோ தேடிப் பார்த்தும் மூல ஆய்வே அகப்படவில்லை. தங்கமீனின் கவனத்தை யார் எப்படி அளந்தார்கள் என்று எவரும் கேட்காமலே அது உலகம் சுற்றிவிட்டது.

நீளத்தைக் குறைப்பது பயனுள்ள முதல் படிதான். இருபது நிமிடக் காணொலியை நான்காக வெட்டி அடுத்தடுத்து ஓடவிட்டால், அது நான்கு துண்டுகளாக உள்ள இருபது நிமிடக் காணொலியே. துண்டுகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதில்தான் காரியம் இருக்கிறது.

இடையில் ஒரு கேள்வி: ஹார்வர்டு சோதனை

இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, கார்ல் ஸ்புனர், நோவால் கான், டேனியல் ஷாக்டர் ஆகியோர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடத்தி 2013-ல் வெளியிட்டது. 21 நிமிடப் புள்ளியியல் பாடக் காணொலி ஒன்றை அவர்கள் நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சிறு தேர்வு வரலாம், வராமலும் போகலாம் என்று எல்லா மாணவர்களுக்கும் சொல்லப்பட்டது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் அந்தப் பகுதியைப் பற்றிய கேள்விகள் தரப்பட்டன. இரண்டாம் பிரிவினருக்கு அதே கேள்விகள் விடைகளோடு காட்டப்பட்டன. அவர்கள் படித்துப் பார்த்தால் போதும். மூன்றாம் பிரிவினருக்கு இரண்டுமே இல்லை.

காணொலியின் நடுவே திடீரென ‘இப்போது உங்கள் மனம் வேறெங்காவது போயிருக்கிறதா?’ என்றும் கேட்கப்பட்டது. இடைத்தேர்வு இல்லாத பிரிவில் ஏறத்தாழ 41 சதவீதம் ‘ஆம்’ என்று பதில் வந்தது. இடைத்தேர்வு எழுதிய பிரிவில் அது 19 சதவீதம். தேர்வு எழுதியவர்கள் கூடுதலாகக் குறிப்பும் எடுத்தார்கள், கடைசிப் பகுதியில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றார்கள், இறுதித் தேர்வைப் பற்றிய பதற்றமும் அவர்களிடம் குறைவாகவே இருந்தது. கவனிக்க வேண்டியது இரண்டாம் பிரிவைத்தான். கேள்வியையும் விடையையும் சேர்த்துப் பார்த்த அவர்களின் மனமும் ஏறக்குறைய மூன்றாம் பிரிவினரைப் போலவே அலைந்தது. ஆகவே, பலன் தந்தது கேள்வியைப் பார்த்தது ஆகாது. விடையை நினைவிலிருந்து இழுத்து வந்த உழைப்பே பலன் தந்தது.

இந்த உழைப்பு கவனத்தோடு நினைவையும் காக்கிறது. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தபின் ஒரு பிரிவினர் அதை மறுபடியும் படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: மறுபடி படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

மறுவாசிப்பால் ‘இது எனக்குத் தெரியும்’ என்ற பரிச்சய உணர்வு உடனே கிடைக்கிறது. காணொலியை ஒன்றரை மடங்கு வேகத்தில் இரண்டாம் முறை ஓடவிடும் மாணவர் பெறுவதும் அந்த உணர்வைத்தான். பரிச்சயமான முகத்தை அடையாளம் காண்பது ஒன்று, பெயரைத் தாமாகச் சொல்வது மற்றொன்று. தேர்வும் வேலையும் கேட்பது இரண்டாவதை.

கென்னத் கோடிங்கரும் சக ஆய்வாளர்களும் 2015-ல் ஓர் அறிமுக உளவியல் இணையப் பாடத்தின் தரவுகளை ஆராய்ந்தபோது, கூடுதலாகக் காணொலி பார்ப்பதாலோ வாசிப்பதாலோ கிடைக்கும் பயனைவிட, பயிற்சிகளைக் கூடுதலாகச் செய்வதால் கிடைக்கும் பயன் ஆறு மடங்குக்கும் மேல் என்று கணித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான தளங்களின் முகப்பில் ‘பார்த்து முடித்த நிமிடங்கள்’தான் ஈடுபாட்டின் அளவுகோலாக நிற்கிறது. எளிதில் அளக்க முடிவதையே நிறுவனங்கள் அளக்கின்றன.

நல்ல இடைக்கேள்வி எப்படி இருக்கும்

எந்தக் கேள்வியையும் நடுவில் செருகினால் போதும் என்று நினைப்பது தவறு. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதை அளக்கும் திட்ட விலக்கம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கம் முடிந்ததும் ‘திட்ட விலக்கம் எதை அளக்கிறது?’ என்று கேட்டு, கீழே நான்கு விடைகளைக் கொடுப்பது வழக்கம். மாணவர் திரையில் சற்று முன் பார்த்த சொல்லை அடையாளம் கண்டு அழுத்திவிடுவார். நினைவுக்கு வேலையே இல்லை.

அதற்குப் பதிலாகக் காணொலி தானாக நின்று, இப்படிக் கேட்கட்டும்: ‘அ பிரிவில் ஐவரின் மதிப்பெண்கள் 58, 59, 60, 61, 62. ஆ பிரிவில் 20, 40, 60, 80, 100. இரண்டுக்கும் சராசரி 60. எந்தப் பிரிவில் திட்ட விலக்கம் அதிகம்? ஆ பிரிவில் எல்லோருக்கும் 5 கருணை மதிப்பெண் கொடுத்தால் திட்ட விலக்கம் கூடுமா, குறையுமா, மாறாதா? ஏன் என்று ஒரு வரி எழுதவும்.’ முதல் கேள்விக்கு எல்லோரும் ஆ என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவதில் பலர் ‘கூடும்’ என்பார்கள். அவர்கள் தவறிய அந்த இடத்தில், எல்லா எண்களும் ஒரே அளவு நகரும்போது அவற்றுக்கு இடையிலான விலகல் மாறுவதில்லை என்ற விளக்கம் வந்தால் அது ஆழமாகப் பதியும்.

இதில் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. விடையை அடையாளம் காட்டச் சொல்வதைவிட எழுதச் சொல்வது மேல். எழுத்து விடையைத் திருத்த ஆள் இல்லாவிட்டாலும், மாதிரி விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

2. விடை சரியா என்பது காரணத்தோடு உடனுக்குடன் தெரிய வேண்டும். திருத்தம் கிடைக்காத தவறு தவறாகவே நினைவில் பதிந்துபோகும் ஆபத்து உண்டு.

3. இடைக்கேள்விக்கு மதிப்பெண் மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கட்டும். மதிப்பெண் கூடினால் விடையை வெளியே தேடும் ஆசையும் கூடும். இணையப் பாடங்களின் வாராந்தர அசைன்மென்ட் விடைகள் கெடு முடியும் முன்பே யூடியூபில் கிடைப்பதை மாணவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

4. துறைக்கே புதியவரிடம் எடுத்த எடுப்பில் கடினமான கணக்கைக் கொடுக்கக் கூடாது. ஜான் ஸ்வெல்லர் 1988 முதல் வளர்த்தெடுத்த அறிதல் சுமைக் கோட்பாட்டின்படி, தொடக்க நிலையினருக்கு முழுதும் செய்துகாட்டிய மாதிரிக் கணக்குகளே அதிகம் பயன்படும். தேர்ச்சி கூடக் கூட உதவியைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும்.

புள்ளி, பதக்கம், டோபமைன்

கற்றல் செயலிகளின் விளம்பரங்களில், மூளையில் சுரக்கும் டோபமைன் ‘மகிழ்ச்சி வேதிப்பொருள்’ ஆகிவிட்டது. புள்ளி கொடுத்தால் டோபமைன் சுரக்கும், சுரந்தால் கற்றல் நடக்கும் என்பது அவர்களின் கணக்கு. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990-களில் குரங்குகளிடம் கண்டது இதைவிட நுட்பமானது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. பழச்சாறு வரும் என்று விளக்கொளி முன்கூட்டியே அறிவிக்கப் பழகியபின், பழச்சாற்றுக்கு அவை துடிப்பதை நிறுத்திவிட்டன, விளக்கொளிக்கே துடித்தன. அறிவித்தும் பழச்சாறு வராதபோது துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. அதாவது, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவை பதிவுசெய்கின்றன.

குரங்குச் சோதனையிலிருந்து வகுப்பறைக்கு நேர்ப்பாதை போட முடியாது. ஆயினும், தினமும் உள்நுழைந்ததற்காகத் தவறாமல் கிடைக்கும் புள்ளி ஏன் சில நாளில் சப்பென்று ஆகிவிடுகிறது என்பதோடு இது ஒத்துப்போகிறது. ஆசிரியர்களுக்கு இதைவிட நேரடியாகப் பயன்படுவது, மத்தியாஸ் குருபரும் சரண் ரங்கநாத்தும் பிறரும் 2014-ல் கலிஃபோர்னியாவில் நடத்திய மூளைப்படச் சோதனை. பொது அறிவுக் கேள்வி ஒன்றின் விடையை அறியும் ஆர்வம் அதிகமாக இருந்தபோது, டோபமைன் சார்ந்த பகுதிகளும் ஹிப்போகாம்பஸும் கூடுதலாக இயங்கின. விடை நன்றாக நினைவில் நின்றது. விடைக்காகக் காத்திருந்த நொடிகளில் இடையே காட்டப்பட்ட, பாடத்துக்குத் தொடர்பில்லாத முகங்களும்கூட நன்றாக நினைவில் நின்றன. பாடத்தின் தொடக்கத்தில் விடை தெரியாத ஒரு கேள்வியை வைத்து, மாணவரை ஊகிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கத் தொடங்குவதற்கு இது வலுவான காரணம். செலவும் இல்லை.

திரையில் எதை வைப்பது, எதை நீக்குவது

செயல் நினைவகம் சிறியது என்பதால் வீண் சுமையை நீக்குவதே முதல் வேலை. படத்தோடு குரலில் விளக்கும்போது, பேசும் சொற்களை அப்படியே திரையிலும் வரிவரியாக ஓடவிட்டால் கற்றல் பெரும்பாலும் குறைகிறது என்று ரிச்சர்ட் மேயரின் நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. பாடத்தோடு சேராத வேடிக்கைப் படங்களும் பின்னணி இசையும் இதே கேட்டைத்தான் செய்கின்றன.

இந்த விதிக்கு நம் மாணவர்களைப் பொறுத்தவரை முக்கியமான விலக்கு உண்டு. பாடம் மாணவரின் தாய்மொழியில் இல்லாதபோது திரையில் ஓடும் எழுத்துகள் பாரத்தைக் குறைக்கலாம். காதில் சரியாக விழாத சொல்லைக் கண் பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் பேசும் பேராசிரியரின் காணொலியைப் பார்க்கும் பொறியியல் மாணவரிடம் வசனவரியைப் பறிப்பது மடத்தனம். ஐஐடிகளின் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் தன் பாடங்கள் பலவற்றின் எழுத்துவடிவத்தைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருகிறது. காணொலிக்கு முன்பே அதை ஒருமுறை வாசித்துவிடுவது சுமையைப் பாதியாக இல்லாவிட்டாலும் கணிசமாகக் குறைக்கும்.

இடைவெளி: பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றில்

ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் சான்றிதழ்ப் பாடங்களில், வாராந்தர அசைன்மென்டுகளுக்கு 25 மதிப்பெண்ணும், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் உண்டு. சான்றிதழுக்கு முன்னதில் 10, பின்னதில் 30 தேவை. பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டுகள் கணக்கில் கொள்ளப்படும். வாரந்தோறும் கெடு வைப்பது, மொத்தத்தையும் கடைசி இரவுக்குத் தள்ளிப்போடுவதைத் தடுக்கிறது. ஆனால் முதல் வாரப் பாடம் அசைன்மென்ட் முடிந்ததும் மறக்கப்பட்டு, தேர்வுக்கு முந்தைய நாள்தான் மறுபடி திறக்கப்படுகிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தம் மீது சோதனை செய்து வரைந்து காட்டிய மறதிச் சரிவு அந்த இடைக்காலத்தில் தன் வேலையை முடித்துவிடும்.

நிக்கலஸ் செபடாவும் சக ஆய்வாளர்களும் 2008-ல், முதல் முறை படித்தபின் எத்தனை நாள் கழித்து மறுபடி படித்தால் நல்லது என்பதை 1,300-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மறுபடி படித்த நாளிலிருந்து 7 நாளில் தேர்வு என்றால் சுமார் 1 நாள் இடைவெளி, 35 நாளில் என்றால் சுமார் 11 நாள், 70 நாளில் என்றால் சுமார் 21 நாள் சிறந்த பலனைத் தந்தன. இதைப் பன்னிரண்டு வாரப் பாடத்துக்குப் பொருத்தினால், முதல் வாரப் பாடத்திலிருந்து இரண்டு மூன்று கேள்விகள் நான்காம் வார அசைன்மென்டில் மறுபடி தலைகாட்ட வேண்டும். பாடம் அப்படி அமையாவிட்டால் மாணவரே செய்துகொள்ளலாம்: புதிய வாரத்தைத் திறக்கும் முன், மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்தை வெற்றுத் தாளில் நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது.

மூளையின் பெயரால் விற்கப்படுபவை

சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்று ஹரோல்டு பாஷ்லர் குழுவினரின் 2008-ம் ஆண்டு மதிப்பாய்வு முடிவுசெய்தது. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்ற பிரிவும், மூளையில் பத்து சதவீதத்தையே நாம் பயன்படுத்துகிறோம் என்ற பேச்சும் இந்த வகைதான். தொடர்பே இல்லாத மூளைத் தகவலைச் சேர்த்துச் சொன்னால், மோசமான விளக்கமும் துறை அறியாதவர்களுக்கு நல்ல விளக்கமாகத் தோன்றுவதை டீனா வைஸ்பெர்க் குழுவினர் 2008-ல் காட்டினார்கள். நேர்மையாகச் சொன்னால், இக்கட்டுரையில் உள்ள வலுவான முடிவுகளில் பெரும்பாலானவை மூளைப்படக் கருவியால் கிடைத்தவை அல்ல. தாளும் பேனாவும் கடிகாரமும் கொண்டு உளவியலாளர்கள் கண்டவை.

எங்கே இவை உதவாது

மேற்கண்ட உத்திகள் பாடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உதவும். பாடத்தை விட்டே போய்விடுபவரைத் திருப்பிக் கொண்டுவருவது வேறு பிரச்சினை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் வழங்கிய பாடங்களில் பதிவுசெய்தோரில் 2017-18-ல் முடித்தவர்கள் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். படிக்கும் நேரத்தை முன்கூட்டித் திட்டமிடச் செய்வது போன்ற சிறு உளவியல் உத்திகளை ரெனே கிசில்செக் குழுவினர் 247 பாடங்களில், இரண்டரை லட்சம் பேரிடம் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் சில வாரங்களில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. பாடத்தை முடித்தவர்களின் விகிதம் உயரவில்லை. வேலை, குடும்பம், டேட்டா கட்டணம், வீட்டில் ஒதுங்கி உட்கார ஓர் இடம் ஆகியவை மூளைக்கு வெளியே இருப்பவை.

ஆசிரியர்கள் எதிர்கொள்ளும் இன்னொரு சிக்கல், மாணவர்களின் மனநிறைவும் கற்றலும் ஒரே திசையில் போகாதது. லூயி டெலோரியே குழுவினர் ஹார்வர்டின் இயற்பியல் வகுப்பில் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தாமே கணக்கைப் போட்டுப் பார்க்க வைக்கப்பட்ட மாணவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. நட்சத்திர மதிப்பீட்டை நம்பியிருக்கும் இணையத் தளத்தில், நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கும் நல்ல பாடம் தண்டிக்கப்பட்டு, வழுக்கிக்கொண்டு ஓடும் காணொலி பாராட்டுப் பெறும் வாய்ப்பு இதனால் அதிகம். அதே ஆய்வாளர்கள் செமஸ்டரின் தொடக்கத்திலேயே இந்த முரண்பாட்டை மாணவர்களுக்கு விளக்கி, தம் உணர்வை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று எடுத்துச் சொன்னபோது, உழைத்துக் கற்கும் முறை மீதான மாணவர்களின் மனப்போக்கு மேம்பட்டது. இணையப் பாடத்தின் முதல் காணொலியில் பேராசிரியரின் விருதுகளைப் பட்டியலிடச் செலவாகும் நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம்.